வகுப்பு வாட்ஸ்அப் குழு முதல் ஸ்கூல் ஆப் வரை: நெல்லைப் பள்ளிகள் எதை நம்பலாம்?

பாளையங்கோட்டை, டவுன், மேலப்பாளையம் தொடங்கி அம்பாசமுத்திரம், வள்ளியூர், திசையன்விளை வரைக்கும் பள்ளிக்கூடங்கள் பெற்றோருக்குச் செய்தி சொல்வது பெரும்பாலும் நாலு வழியில்தான்: வகுப்பு வாட்ஸ்அப் குழு, எஸ்.எம்.எஸ்., கூகுள் ஃபார்ம், ஒரு மாணவருக்கு இவ்வளவு என்று ஆண்டுக் கட்டணம் வாங்கும் ஸ்கூல் ஆப். இந்த நான்கையும் இங்கே ஒரே கேள்வியை வைத்து எடைபோடுகிறோம். பிள்ளையைப் பற்றிய தகவல் யார் யார் கைக்குப் போகிறது, போனதைத் திரும்ப வாங்க முடியுமா? செய்தி எவ்வளவு வேகமாகப் போகிறது, திரை எவ்வளவு அழகாக இருக்கிறது என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பொது அறிவிப்புக்கு வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் லிஸ்ட் அல்லது கம்யூனிட்டி அறிவிப்புக் குழு. மழை விடுமுறை மாதிரி அவசரத்துக்கு எஸ்.எம்.எஸ். மார்க், கட்டண பாக்கி, உடம்புக்கு முடியாதது போன்ற தனிப்பட்ட விஷயத்துக்கு போன் அல்லது நேர்ப்பேச்சு. ஸ்கூல் ஆப் கீழே சொல்லும் சோதனைகளில் தேறினால் வாங்கலாம். எல்லோர் எண்ணையும் எல்லோரும் பார்க்கிற வகுப்புக் குழுவை எந்தப் பள்ளிக்கும் நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

முதலில் சாதிக் கட்டம்

மற்ற ஊர்களில் மாணவர் தகவல் என்றால் போன் நம்பர், ஆதார் என்று தொடங்குவார்கள். இங்கே தொடங்க வேண்டிய இடம் வேறு. கையில் கட்டியிருக்கும் கயிற்றின் நிறத்தைப் பார்த்தே இன்னார் இன்ன ஆள் என்று பிள்ளைகள் பிரிந்து நிற்கிற மாவட்டம் இது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவரையும் அவருடைய தங்கையையும் உடன் படித்த மாணவர்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். அதையடுத்து அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், வருகைப் பதிவேட்டில் சாதி பற்றிய எந்தக் குறிப்பும் இருக்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. ஆசிரியர் மேசையைத் தாண்டாத பதிவேட்டுக்கே இவ்வளவு கவனம் வேண்டும் என்றால், நாற்பது வீட்டுப் போனுக்குப் போகும் எக்செல் ஷீட்டுக்கு எவ்வளவு வேண்டும்?

பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவரத் தளமான எமிஸில் சாதிப் பிரிவு பதிவாகிறது. உதவித்தொகைக்கும் அரசு நலத்திட்டங்களுக்கும் அது தேவை, அங்கே இருக்கட்டும். சிக்கல் வருவது, எமிஸுக்காகத் தயார் செய்த அதே ஷீட்டை மற்ற எல்லா வேலைக்கும் எடுத்துப் புழங்கும்போது. டூர் போகிறவர்கள் பட்டியலா, நோட்டு வாங்காதவர்கள் பட்டியலா, எது கேட்டாலும் அந்த ஷீட்டைத் திறந்து, வேண்டாத காலங்களை (நெடுவரிசைகளை) ஹைட் செய்து, குழுவில் போட்டுவிடுகிறார்கள். ஹைட் செய்தது அழிந்ததாகாது. மேலே இருக்கும் காலம் எழுத்துகளைப் பார்த்தால் பி-க்கு அடுத்து எஃப் என்று தாவியிருக்கும். அந்த இரண்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து அன்ஹைட் கொடுத்தால் நடுவிலிருந்த சி, டி, ஈ மூன்றும் திரும்ப வந்து நிற்கும். அந்த மூன்றில்தான் சாதியும் ஆதாரும் குடும்ப வருமானமும் இருக்கும். ஃபில்டர் போட்டு மறைத்த வரிசைகளும் அப்படியே. கீழே வேறு ஷீட் தாவல் இருந்தால் அதுவும் கூடவே போகும்.

சரியான முறைக்கு இரண்டு நிமிடம் போதும். புது ஃபைல் திறந்து, வரிசை எண், பெயர் என்று வேண்டிய காலங்களை மட்டும் காப்பி செய்து, பேஸ்ட் ஸ்பெஷலில் வேல்யூஸ் என்று ஒட்டுங்கள். அதை பி.டி.எஃப். ஆகச் சேமித்து அந்த பி.டி.எஃப்.பை மட்டும் அனுப்புங்கள். அனுப்பும் முன் வேறொரு போனில் திறந்து ஒருமுறை கடைசிப் பக்கம் வரை பார்த்துவிடுங்கள்.

ஷீட்டில் சாதி இல்லாவிட்டாலும் செய்தியின் வாசகமே காட்டிக்கொடுக்கும். ஆதிதிராவிடர் நல உதவித்தொகைக்குக் கீழ்க்கண்டவர்கள் சான்றிதழ் கொண்டு வரவும் என்று பதினோரு பெயரை வகுப்புக் குழுவில் போட்டால், அந்தப் பதினோரு வீட்டின் சாதியை மற்ற வீடுகளுக்கு அறிவித்தாகிவிட்டது. அந்தப் பிள்ளைகளுக்கென்று தனிக் குழு தொடங்கினாலும் அதே கதைதான், குழுவின் பெயரும் உறுப்பினர் பட்டியலும் போதும். உதவித்தொகைச் செய்தி ஒவ்வொரு பெற்றோருக்கும் தனித்தனியாகத்தான் போக வேண்டும். இதில் நேரம் மிச்சம் பிடிக்க வழியில்லை, பிடிக்கவும் கூடாது.

பீடி கார்டு, பாஸ்புக், ஆதார்

மேலப்பாளையம், முக்கூடல் பக்கத்துப் பள்ளிகளில் பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய தொழிலாளர் நலத்துறையின் கல்வி உதவித்தொகை உண்டு. விண்ணப்பக் காலம் வந்தால் போதும், ஆதார், பாஸ்புக் முதல் பக்கம், பீடி கார்டு என்று எல்லாவற்றையும் போட்டோ எடுத்து குரூப்பில் போடுங்க என்று ஒரு செய்தி வரும். ஒரே நாளில் அத்தனை வீட்டின் கணக்கு எண்ணும், முகவரியும், பிள்ளையின் பிறந்த தேதியும் அத்தனை போனின் கேலரியிலும் ஏறிவிடும். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஏமாற்றுகிறவனுக்கு வேண்டிய விவரம் முழுவதும் அதில் இருக்கிறது. உங்கள் பிள்ளை பெயர் இது, ஸ்காலர்ஷிப் பணம் இன்ன வங்கிக் கணக்குக்கு வரணும், ஓ.டி.பி. சொல்லுங்கம்மா என்று கேட்டால் எந்தத் தாய் சந்தேகப்படுவாள்?

ஜெராக்ஸ் வாங்குவதே இதற்குச் சிறந்த வழி. ஜெராக்ஸின் குறுக்கே, எழுத்தின் மேலேயே, கல்வி உதவித்தொகை விண்ணப்பத்துக்கு மட்டும் என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திடச் சொல்லுங்கள். அடையாளத்துக்கு மட்டும் ஆதார் கேட்கிற இடங்களில் கடைசி 4 எண் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரைக் கொடுக்கலாம். ஆதார் ஆணையத்தின் தளத்திலிருந்து அதை இலவசமாக இறக்கிக்கொள்ள முடியும். பள்ளியில் சேர ஆதார் கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் தீர்ப்பிலேயே சொல்லிவிட்டது என்பதையும் பெற்றோர் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

பிரவுசிங் சென்டரில் விண்ணப்பம் போடுகிறவர்கள் ஆவணத்தைக் கடைக்காரரின் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பாமல் பென் டிரைவில் கொண்டு போகட்டும். அப்படியே அனுப்ப வேண்டி வந்தால், வேலை முடிந்ததும் கடை கம்ப்யூட்டரின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலும் ரீசைக்கிள் பின்னிலும் இருப்பதை அழிக்கச் சொல்லிக் கூட நின்று பாருங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

வாட்ஸ்அப்: வசதி அதிகம், ஓட்டை அதைவிட அதிகம்

செலவில்லை, எல்லோர் போனிலும் இருக்கிறது, குரலாகவும் பேசி அனுப்பலாம். எழுதப் படிக்கச் சிரமப்படும் பெற்றோருக்கு அந்தக் குரல் செய்தி பெரிய உதவி. அதனால் வாட்ஸ்அப்பே வேண்டாம் என்று சொல்வதில் பொருளில்லை. எந்த வடிவத்தில் பயன்படுத்துகிறோம் என்பதுதான் விஷயம்.

சாதாரணக் குழுவில் சேர்ந்த எல்லோருக்கும் எல்லோருடைய எண்ணும் தெரியும். அட்மின் மட்டும் செய்தி போடலாம் என்று மாற்றிவிட்டால் பாதுகாப்பு வந்துவிட்டதாகப் பல பள்ளிகள் நினைக்கின்றன. பேச்சுதான் நிற்கும், எண்கள் அப்படியே வெளியே தெரியும். அம்மாக்களின் எண், முகப்புப் படமாக வைத்திருக்கும் பிள்ளையின் போட்டோ, எத்தனாம் வகுப்பு எந்தப் பிரிவு என்பது, மூன்றும் ஒரே இடத்தில் சேர்கின்றன. குழுவில் ஒருவர் கெட்ட எண்ணம் கொண்டவராக இருந்தால் போதும். அவர் பெற்றோராகக்கூட இருக்க வேண்டியதில்லை. வீட்டில் அந்தப் போனை எடுத்துப் பார்க்கிற யாராகவும் இருக்கலாம்.

நம் பக்கத்து வீடுகளில் இது பெரிய விஷயம். அப்பா மும்பையிலோ துபாயிலோ இருப்பார். வீட்டில் ஒரே போன், அதை அம்மாவும் ஆச்சியும் கல்லூரி போகிற அண்ணனும் மாறி மாறி எடுப்பார்கள். பெற்றோருக்கு அனுப்பினோம் என்று பள்ளி நினைக்கும் செய்தியை முதலில் படிப்பது யார் என்று பள்ளிக்குத் தெரியாது. ஒன்பதாம் வகுப்புப் பெண் பிள்ளையின் வருகைக் குறைவுச் செய்தி பூட்டுத் திரையில் முழுசாகத் தெரிந்தால், அந்த வீட்டில் அதற்கு என்ன பலன் என்று அனுப்புகிறவர் ஒரு நொடி யோசிக்க வேண்டும். அதனால் தனிப்பட்ட செய்தியில் விவரம் எழுதாமல், "வணக்கம்மா, ஒரு விஷயம் பேசணும், நாளைக்கு 4 மணிக்கு மேல் போன் பண்ணலாமா?" என்ற அளவில் நிறுத்துவதுதான் முறை.

குழுவுக்குப் பதில் இரண்டு வழி இருக்கிறது. முதலாவது பிராட்காஸ்ட் லிஸ்ட். ஒரு லிஸ்டில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஒவ்வொருவருக்கும் தனிச் செய்தியாகப் போகும், பதிலும் அனுப்பியவருக்கு மட்டும் வரும், ஒருவர் எண் இன்னொருவருக்குத் தெரியாது. 40 பிள்ளைகள் உள்ள வகுப்புக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. இதில் தவறுவது ஒரே இடத்தில்: பள்ளியின் எண்ணைத் தன் போனில் சேமித்து வைக்காத பெற்றோருக்குச் செய்தி போகாது, போகவில்லை என்ற தகவலும் அனுப்பியவருக்கு வராது. ஆகவே ஜூன் மாதம் முதல் பெற்றோர் கூட்டத்திலேயே ஒவ்வொருவரும் எண்ணைச் சேமித்தார்களா என்று பார்த்து, அங்கேயே ஒரு சோதனைச் செய்தி அனுப்பி, வராதவர்களைச் சரி செய்துவிட வேண்டும். எண் மாற்றியவர்களுக்காக அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு இன்னொரு முறை.

இரண்டாவது, கம்யூனிட்டியின் அறிவிப்புக் குழு. அதில் உறுப்பினர் எண்கள் அட்மினுக்கும், ஏற்கெனவே ஒருவரையொருவர் சேமித்து வைத்திருப்பவர்களுக்கும்தான் தெரியும். முழுப் பள்ளிக்கும் இது சரிப்படும். ஆனால் கம்யூனிட்டிக்குள் தொடங்கும் மற்ற குழுக்கள் சாதாரணக் குழு மாதிரிதான், அங்கே சேர்ந்ததும் எண் தெரிந்துவிடும். கம்யூனிட்டி தொடங்கும்போது கூடவே பொதுக் குழு ஒன்று உருவாகியிருந்தால் அதை நீக்கிவிடுங்கள். சேரும் லிங்கையும் கியூ.ஆர். கோடையும் நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டாம். படம் எடுத்த யாரும் உள்ளே வரலாம். அட்மின் அனுமதித்தால்தான் சேர முடியும் என்ற அமைப்பைப் போட்டு, சேர்க்கை முடிந்ததும் லிங்கை ரீசெட் செய்துவிட வேண்டும்.

அனுப்புகிற போன் யாருடையது என்பதும் முக்கியம். வகுப்பாசிரியர் தன் சொந்தப் போனிலிருந்து அனுப்பினால், பிள்ளைகளின் போட்டோ அவர் கேலரியிலும், அங்கிருந்து அவருடைய கூகுள் போட்டோஸிலும் ஏறும். அவர் மாற்றலாகி வேறு ஊருக்குப் போனால் எல்லாம் அவரோடு போகும். இதில் ஆசிரியர் மேல் குற்றம் இல்லை. பள்ளி ஒரு போனும் ஒரு சிம்மும் வாங்கித் தராததுதான் காரணம். பள்ளிப் போனில் செய்ய வேண்டியவை: அமைப்புகளில் சாட்ஸ் பகுதிக்குப் போய் மீடியா விசிபிலிட்டியை அணைக்கவும், அப்போது படங்கள் கேலரிக்குப் போகாது. அதே பகுதியில் சாட் பேக்கப்புக்கு எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷனை, அதாவது உரியவர் தவிர வேறு யாரும் திறந்து படிக்க முடியாத பூட்டைப் போடவும், இல்லாவிட்டால் கூகுள் டிரைவில் இருக்கும் நகலுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அக்கவுண்ட் பகுதியில் டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷனுக்கு 6 இலக்கப் பின் வைக்கவும். லிங்க்டு டிவைசஸில் வாரம் ஒருமுறை பார்த்து, ஸ்டாஃப் ரூம் கம்ப்யூட்டரில் லாக்-அவுட் செய்யாமல் கிடக்கும் இணைப்பைத் துண்டிக்கவும். சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் அந்த எண் சில மாதங்களில் வேறொருவருக்குப் போய்விடும், அதனால் ரீசார்ஜ் தேதியை ஆபீஸ் நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

பெற்றோர் பக்கத்தில் ஒரே ஒரு வேலை: பிரைவசி பகுதியில் முகப்புப் படத்தை என் தொடர்புகளுக்கு மட்டும் என்று மாற்றுவது. பிள்ளை யூனிஃபார்மில் நிற்கும் படம் பள்ளிப் பெயரோடு தெரியாமல் இருக்கும்.

டெலிகிராம் பற்றி நீட்ட வேண்டியதில்லை. எண்ணை மறைக்கும் வசதி இருந்தாலும், குழு உரையாடலுக்கு எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷன் இல்லை, லிங்க் வழியாக முகம் தெரியாதவர்கள் எளிதாக உள்ளே வருகிறார்கள். பாடக் குறிப்பு பகிர்வதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எஸ்.எம்.எஸ்.: பழசு, ஆனால் தேவை

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரை புரண்டபோது மாவட்டம் முழுக்க டேட்டா இணைப்பு திணறியது நினைவிருக்கும். அப்படிப்பட்ட நாளில், டவர் கொஞ்சம் எடுத்தாலும் பட்டன் போனுக்குக்கூட எட்டுவது எஸ்.எம்.எஸ். மழை நாளில் கலெக்டர் பெயரில் பொய் விடுமுறைச் செய்தி சுற்றுவதும் வாடிக்கை. பள்ளியின் பதிவுசெய்த தலைப்பில் வரும் எஸ்.எம்.எஸ்.ஸை அவ்வளவு எளிதில் போலியாகச் செய்ய முடியாது, ஏனென்றால் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 விதிமுறைப்படி அனுப்புகிறவரின் தலைப்பும் செய்தியின் வார்ப்பும் (மாதிரி வாசகமும்) தொலைபேசி நிறுவனங்களின் டி.எல்.டி. என்ற பதிவுத் தளத்தில் பதிவாகியிருக்க வேண்டும். பள்ளி பெயரைச் சொல்லி 10 இலக்க எண்ணிலிருந்து கட்டணம் கேட்டு எஸ்.எம்.எஸ். வந்தால் நம்பக் கூடாது என்று பெற்றோருக்குச் சொல்லிவையுங்கள்.

தமிழில் அனுப்பும்போது நீளக் கணக்கு மாறும். ஆங்கிலத்தில் ஒரு எஸ்.எம்.எஸ்.ஸுக்கு 160 எழுத்து, தமிழில் 70. அந்த 70-ஐத் தாண்டினால் ஒவ்வொரு துண்டுக்கும் 67 வீதம் பிரித்து, துண்டுக்கு ஒரு கட்டணம் போடுவார்கள். கண்ணுக்கு ஒரே எழுத்தாகத் தெரிவதும் கணக்கில் இரண்டாகும். விடுமுறை என்பது நமக்கு 4 எழுத்து, எஸ்.எம்.எஸ். கணக்கில் 8. "நாளை மழை விடுமுறை. பள்ளி இல்லை." என்பது இடைவெளியும் புள்ளியும் சேர்த்து 31. தேதிக்கும் பள்ளிப் பெயருக்கும் இன்னும் 39 மிச்சம். இந்தக் கட்டுப்பாடு ஒரு விதத்தில் நன்மை, தேவையில்லாத விவரம் செய்திக்குள் நுழையாது.

எஸ்.எம்.எஸ். என்கிரிப்ட் ஆகாது. மொத்தமாக அனுப்பிக் கொடுக்கும் ஏஜென்சிக்கும் தொலைபேசி நிறுவனத்துக்கும் அது திறந்த கடிதம். மார்க், நோய், கட்டண பாக்கித் தொகை எதையும் அதில் எழுத வேண்டாம். வராத பிள்ளைக்கு, 7பி, எண் 23 இன்று வரவில்லை என்ற அளவு போதும், வீட்டுக்குப் புரியும். ஏஜென்சியின் பேனலில் ஏற்றிய எண் பட்டியலையும் ஆண்டு முடிவில் அழித்துவிடுங்கள். பிளஸ் டூ ரிசல்ட் வருவதற்கு முன்பே ஊர் பேர் தெரியாத கல்லூரிகளிலிருந்து பெற்றோருக்கு அழைப்பு வருகிறதே, பட்டியல் இப்படி எங்காவது கிடந்தால்தான் அது கைமாறும்.

கூகுள் ஃபார்ம்

இதில் பார்க்க வேண்டியது மூன்று. ஒன்று, செட்டிங்ஸில் பிரசண்டேஷன் பகுதியில் முடிவுகளின் சுருக்கத்தைக் காட்டும் வசதி அணைந்திருக்க வேண்டும். அது திறந்திருந்தால், நிரப்பி முடித்த பெற்றோர் மற்றவர்கள் எழுதியதையும் பார்க்கலாம். இரண்டு, பதில்கள் சேரும் ஷீட்டின் ஷேர் அமைப்பு ரெஸ்ட்ரிக்டடில் இருக்க வேண்டும். அவசரத்துக்கு லிங்க் உள்ள யாரும் பார்க்கலாம் என்று மாற்றிவிட்டு மறந்துபோவதுதான் வழக்கமான விபத்து. மூன்று, ஃபார்ம் பள்ளியின் கணக்கில் இருக்க வேண்டும், டீச்சரின் சொந்த ஜிமெயிலில் இருக்கக் கூடாது. ஆவணங்களை ஃபார்ம் வழியாக அப்லோட் செய்யச் சொன்னால் அவை போய்ச் சேருவதும் அந்தக் கணக்கின் டிரைவில்தான்.

ஸ்கூல் ஆப்: வாங்கும் முன் செய்ய வேண்டியவை

விற்க வருகிறவர் காட்டுவது வண்ணத் திரை, வேன் எங்கே வருகிறது என்ற வரைபடம், ஒரே தட்டில் ரேங்க் கார்டு. நாம் கேட்க வேண்டியது டெமோ லாகின் இரண்டு, கற்பனை மாணவர் பெயரில். அதை வைத்து ஒரு மணி நேரத்தில் நிறையத் தெரிந்துகொள்ளலாம். கம்பெனிக்காரர் பக்கத்தில் இருக்கும்போது, அவர் சம்மதத்தோடு செய்யுங்கள். அனுமதியில்லாமல் அடுத்தவர் கணக்குக்குள் போவது தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி குற்றம்.

முதல் சோதனை: ரேங்க் கார்டு பி.டி.எஃப்.பைத் திறந்து அதன் லிங்கைக் காப்பி செய்யுங்கள். வேறொரு போனில், லாகின் இல்லாமல், பிரவுசரில் ஒட்டுங்கள். திறந்துகொண்டால் ஆப் தோல்வி. பூட்டு வாசலில் மட்டும் இருக்கிறது, ஆவணத்துக்கு இல்லை என்று அர்த்தம்.

இரண்டாவது: லிங்கில் மாணவர் எண் தெரிகிறதா என்று பாருங்கள். கடைசியில் 1052 என்று இருந்தால் அதை இரண்டாவது டெமோ மாணவரின் எண்ணாக மாற்றிப் பாருங்கள். அடுத்தவர் விவரம் வந்தால் அந்தக் கம்பெனியோடு பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். லாகின் செய்தவர் யார் என்று மட்டும் பார்த்துவிட்டு, கேட்கிற தகவல் அவருக்கு உரியதா என்று சர்வர் பார்ப்பதில்லை. பள்ளி ஆப் என்றில்லை, எங்கும் அதிகம் காணப்படும் பிழை இதுதான்.

மூன்றாவது, பாஸ்வேர்டு. பிள்ளையின் பிறந்த தேதியே பாஸ்வேர்டு என்றால் வகுப்பில் சாக்லேட் வாங்கித் தின்ற அத்தனை பேருக்கும் அது தெரியும். பதிவான எண்ணுக்கு ஓ.டி.பி. வர வேண்டும். எண்ணை மாற்ற வேண்டுமென்றால் பெற்றோர் பள்ளி ஆபீஸுக்கு நேரில் வந்துதான் மாற்ற முடிய வேண்டும், போனில் கேட்டதும் மாற்றிக் கொடுக்கக் கூடாது. தாய் தந்தை பிரிந்து வாழும் வீடுகளில் இது பிள்ளையின் பாதுகாப்பையே தொடும்.

நாலாவது, யாருக்கு என்ன தெரிகிறது. வகுப்பாசிரியர் லாகினில் தன் வகுப்பு மட்டும், பாட ஆசிரியருக்கு தன் பாடத்தின் மார்க் மட்டும், வேன் டிரைவருக்கு ஏறும் இடமும் பெயரும் மட்டும். சாதி, மதம், ஆதார், வருமானம் ஆகிய கட்டங்கள் செய்தி அனுப்பும் ஆப்பில் இருக்கவே வேண்டாம். கம்பெனிக்காரர், அதை மறைத்துவிடலாம் சார் என்பார். மறைப்பது போதாது, டேட்டாபேஸிலிருந்தே எடுக்கச் சொல்லுங்கள். அட்மின் லாகினில் எக்செல் எக்ஸ்போர்ட் கொடுத்துப் பார்த்தால் எடுத்தாரா இல்லையா என்று தெரிந்துவிடும்.

வேன் இருப்பிடம் காட்டும் வசதி நல்லதே, மழைக்காலத்தில் பெரிய ஆறுதல். ஆனால் அந்த வரைபடம் லாகின் இல்லாத லிங்காக இருக்கக் கூடாது, பயணம் முடிந்ததும் நின்றுவிட வேண்டும். முகத்தைக் காட்டி வருகைப் பதிவு என்று வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பாஸ்வேர்டை மாற்றலாம், பிள்ளையின் முகத்தை மாற்ற முடியாது. வருகை எடுக்க ஒரு டீச்சரின் குரல் போதும்.

பிளே ஸ்டோரில் டேட்டா சேஃப்டி என்று ஒரு பகுதி இருக்கும். அது ஆப் செய்தவர்களே எழுதிக் கொடுப்பது, அதை மட்டும் நம்ப வேண்டாம். எக்ஸோடஸ் பிரைவசி என்ற தளத்தில் ஆப்பின் பெயரைத் தேடினால், அதற்குள் விளம்பர, கண்காணிப்பு நிரல்கள் எவை இருக்கின்றன, எந்தெந்த அனுமதி கேட்கிறது என்ற பட்டியல் கிடைக்கும். விடுமுறை அறிவிக்கும் ஆப்புக்குத் தொடர்புப் பட்டியலும் மைக்கும் எதற்கு? காரணம் கேளுங்கள்.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது, விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன, முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதத்தில், அதாவது 2027 மே மாதத்தில், நடைமுறைக்கு வருகின்றன. 18 வயதுக்குக் கீழ் எல்லோரும் அதில் குழந்தைகள். குழந்தையின் தகவலைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும், குழந்தைகளைக் குறிவைத்து விளம்பரம் கூடாது. கல்விப் பணிக்கும் பாதுகாப்புக்கும் வேண்டிய கண்காணிப்புக்குப் பள்ளிகளுக்கு விலக்கு உண்டு, வேனில் வந்து போகும் நேரத்துக்கு இருப்பிடம் பார்க்கவும் உண்டு, அதைத் தாண்டி இல்லை. அறிவிப்பைத் தமிழில் கேட்டுப் பெறும் உரிமை பெற்றோருக்கு இருக்கிறது. பள்ளி நிர்வாகங்கள் கவனிக்க வேண்டிய வரி ஒன்று: தகவலைக் கையாள்வது வெளிக் கம்பெனியாக இருந்தாலும் சட்டத்தின் முன் பொறுப்பு பள்ளிக்குத்தான். பாதுகாப்பு ஏற்பாட்டில் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம்.

பெரிய கம்பெனி என்றால் பயமில்லை என்ற எண்ணமும் வேண்டாம். அமெரிக்கப் பள்ளிகளில் பரவலாக இருக்கும் பவர்ஸ்கூல் நிறுவனத்தின் அமைப்புக்குள் 2024 டிசம்பரில் திருடப்பட்ட ஒரு லாகினை வைத்து, வாடிக்கையாளர் உதவிக்கான போர்ட்டல் வழியாக நுழைந்தார்கள். படித்து முடித்துப் பல ஆண்டுகளானவர்களின் தகவலும் அதில் போனது. நிறுவனம் பணம் கொடுத்தும், 2025 மே மாதம் பள்ளிகளுக்கே நேரடியாக மிரட்டல் வந்தது. அழித்துவிட்ட தகவலை யாரும் திருட முடியாது. ஆகவே ஒப்பந்தத்தில் எழுத்தாக வாங்க வேண்டியவை: டி.சி. வாங்கிப் போன பிள்ளையின் விவரம் எத்தனை நாளில் அழியும், பேக்கப்பில் எத்தனை நாளில் அழியும், ஒப்பந்தம் முடிந்தால் முழுத் தகவலும் எந்த வடிவத்தில் பள்ளிக்குத் திரும்ப வரும், கசிவு நடந்தால் எத்தனை மணி நேரத்தில் பள்ளிக்குச் சொல்வார்கள், கம்பெனியில் யார் யார் உள்ளே பார்க்க முடியும், அவர்களுக்கு இரண்டடுக்கு லாகின் உண்டா. இதற்கெல்லாம் வாய்வார்த்தையாகப் பதில் சொல்கிறவரிடம் வாங்காதீர்கள். இலவசம் என்று வருகிறவரிடம், உங்களுக்கு வருமானம் எங்கிருந்து என்று கேளுங்கள். கோச்சிங் சென்டர் விளம்பரம் என்று பதில் வந்தால் வேண்டாம்.

ஏப்ரலில் பழைய குழுவை மூடுவது

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வகுப்புக் குழுக்களை என்ன செய்வது என்று கேட்பார்கள். அட்மின் தன் போனில் அழித்தால் அவருடைய நகல் மட்டும்தான் போகும். முதலில் அடையாள ஆவணங்கள், பட்டியல்கள் இருக்கும் செய்திகளைத் தேடிப் பாருங்கள். எல்லோருக்கும் அழிக்கும் வசதி அனுப்பி சுமார் இரண்டு நாள் வரைதான் வேலை செய்யும், அதற்கு முந்தையவற்றுக்குப் பெற்றோரிடமே கேட்டு அழிக்கச் சொல்ல வேண்டும். காணாமல் போகும் செய்தி அமைப்பைப் போட்டாலும், போட்ட பிறகு வருவதற்கு மட்டுமே அது பொருந்தும், கேலரியில் ஏறிய படத்தைத் தொடாது. பிறகு, இந்தக் குழு இன்ன தேதியில் மூடப்படுகிறது, பிள்ளைகளின் படம், ஆவணம் இருந்தால் உங்கள் போனிலிருந்து அழித்துவிடுங்கள் என்று ஒரு குரல் செய்தி போடுங்கள். லிங்கை ரீசெட் செய்யுங்கள். உறுப்பினர்களை ஒவ்வொருவராக நீக்கி, கடைசியில் அட்மின் வெளியேறி, தன் போனிலும் பள்ளிக் கம்ப்யூட்டரிலும் இருப்பதை அழிக்க வேண்டும். நீக்காமல் அட்மின் மட்டும் வெளியேறினால் வாட்ஸ்அப் வேறொருவரை அட்மினாக்கிவிடும், குழு பள்ளியின் பெயரோடு ஓடிக்கொண்டே இருக்கும்.

அதற்குள் யாராவது எண்ணை எடுத்துத் தொந்தரவு செய்திருந்தாலோ பணம் போயிருந்தாலோ சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு உடனே அழையுங்கள், பிள்ளைக்கு ஆபத்து என்றால் குழந்தைகள் உதவி எண் 1098. ஸ்கிரீன்ஷாட்டை அழிக்காமல் வைத்திருங்கள். அதை மறுபடியும் குழுவில் போட்டுவிட வேண்டாம். பாதிக்கப்பட்ட பிள்ளையை அடையாளம் காட்டுவது போக்சோ வழக்குகளில் தனிக் குற்றம்.